அண்ணி சொன்ன ‘சரிங்க’

1

நான் வேலை பார்க்கும் ஊரில் கடல் உயரத்திலும் நிலம் தாழ்விலும் இருக்கின்றன. டென்மார்க்கின் மேற்குக் கரை அது. மண் அணைக்கு இந்தப் பக்கம் புல்வெளி, அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் கடல். வயல்களில் ஊறி நிற்கும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் பம்பு நிலையங்களைப் பராமரிப்பது என் வேலை. வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்துக் கிடந்த, மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, இங்கே தண்ணீரைத் துரத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வந்த புதிதில் இதை நினைத்துச் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை, பழகிவிட்டது. ஆனாலும் மூடுபனி இறங்கிய காலைகளில் பம்பு ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது கொஞ்ச நேரத்துக்கு மறந்து போகும்.

சென்ற ஆவணியில் அண்ணனுக்குத் திதி. ஐயர் கிளம்பிப் போன பிறகு அண்ணி வீடியோவில் வந்தார். அண்ணி பெயர் கோமதி. அண்ணன் போனதிலிருந்து குத்தாலத்து வீட்டில் தனியாக இருக்கிறார். குழந்தைகள் இல்லை. நிலத்தை ஆள் வைத்து அவரே பார்த்துக்கொள்கிறார். என்ன சமையல், யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகும் நேரத்தில் சொன்னார்.

“தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அண்ணன் வாங்கி வச்ச ஷேர் இருந்துச்சுல்ல, அது இப்ப இல்லைங்கறாங்க.”

“யாரு சொல்றாங்க அண்ணி?”

“பேங்க்ல. புது மோட்டாருக்கு லோன் கேட்டுப் போனேன். வேற என்ன இருக்கு உங்ககிட்டன்னு கேட்டாங்க. ஷேர் கணக்கு இருக்குன்னேன். அந்தப் பொண்ணு போன்லயே பாத்துட்டு, இதுல ஒண்ணுமே இல்லையேம்மாங்குது.”

கொல்லையில் முருங்கை முறிந்து விழுந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

2

அண்ணன் சர்க்கரை ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு குறுவையும் வீடு வந்து சேர்ந்ததும் நெல் விற்ற பணத்தில் கொஞ்சம் எடுத்துப் பங்கு வாங்குவார். பெரிய கம்பெனிகள், நாலைந்துதான். வாங்கியதை விற்கவே மாட்டார். “இது நம்ம நாலாவது மா”என்று சொல்லிச் சிரிப்பார், ஏதோ வயலில் இன்னொரு மா நிலம் சேர்ந்ததுபோல. அவர் போன பிறகு எல்லாம் முறைப்படி அண்ணி பெயருக்கு மாறியது. மாற்றிக் கொடுத்தவர், மயிலாடுதுறையில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் முகவராக இருந்த பாலாஜி.

நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்கிறவர். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அண்ணியை ஒரு இடத்துக்குக்கூட அலையவிடாமல் தானே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். அப்போதே கையெழுத்து வாங்கிய தாள்களுக்கு நடுவில், அண்ணியின் பங்குகளை அடகு வைத்து அண்ணி பெயரிலேயே தினப்படி வியாபாரம் செய்வதற்கான விண்ணப்பமும் இருந்திருக்கிறது. அதெல்லாம் பின்னால் தெரிந்தது.

நடந்தது இதுதான். அண்ணன் ஆசையாகச் சேர்த்த பங்குகளை ஈடாக வைத்து, விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஒப்பந்தங்களை அண்ணியின் கணக்கில் தினமும் வாங்கி விற்றிருக்கிறார்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் விற்றலுக்கும் நிறுவனத்துக்குத் தரகு, அதில் பாலாஜிக்குப் பங்கு. நஷ்டம் மட்டும் அண்ணிக்கு. நஷ்டத்தை ஈடுகட்ட ஒவ்வொரு பங்காக விற்றுக் கடைசியில் கணக்கு வெறுமையாகிவிட்டது.

“உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே அண்ணி, ஒவ்வொரு தடவையும்?”

“வந்துச்சு. எல்லாம் இங்கிலீஷ்ல வந்துச்சு. சிம் கம்பெனிக்காரன் அனுப்பறான்னு நெனச்சேன்.”

3

இங்கே அரசாங்கத்தோடு பேச ஒரு மின்னஞ்சல் பெட்டி இருக்கிறது. வரி, ஆஸ்பத்திரி, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குள்தான் வரும். வந்த காலத்தில் அதைத் திறக்கவே பயமாக இருக்கும். ‘தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது’என்பதை ‘ஏற்கப்பட்டது’என்று படித்துவிட்டு வீட்டில் கேசரி கிண்டியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில், எந்த அலுவலகத்துக் கடிதத்தையும் மூன்று முறை படிப்பவனாகிவிட்டேன். அது இப்போது உதவியது.

முதலில் மயிலாடுதுறையில் எங்கள் பட்டா விவகாரங்களைப் பார்த்த வக்கீலைக் கேட்டேன். “சிவில் கோர்ட்டுக்குப் போனா இழுக்கும் சார். இதுக்குன்னே தனி வழி இருக்கு, அதுல போங்க,”என்றார். நேர்மையான மனிதர். அந்த வழியை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் தரகு நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அவர்கள் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையதளத்தில் புகார். அதிலும் தீராவிட்டால் இணைய வழியாகவே சமரசப் பேச்சு, பிறகு நடுவர் விசாரணை. நடுவர் தரும் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்புபோலவே செல்லும்.

படிக்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இணையதளத்துக்குள் நுழைய ஒவ்வொரு முறையும் அண்ணியின் கைபேசிக்கு ஓடிபி போகும். நான் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, “வந்துச்சா அண்ணி?”என்பேன். “இருங்க, கண்ணாடி எங்கயோ வச்சேன்,”என்பார். கண்ணாடி கிடைப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். ஒருமுறை அவர் வயலில் இருந்தார். வரப்பில் நின்றபடி, நடவாட்களிடம் “அந்த நாத்துக் கட்டை இந்தப் பக்கம் போடுங்க”என்பதற்கு நடுவே எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் காற்று. தண்ணீரில் கால்கள் அளையும் சத்தம். நான் எண்ணை அடிக்க மறந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

“போட்டாச்சா தம்பி?”

“இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி.”

4

நிறுவனத்தின் பதில் கார்த்திகையில் வந்தது. ‘வாடிக்கையாளரின் முழுச் சம்மதத்துடனேயே எல்லா வியாபாரமும் நடந்தது. ஆதாரமாகத் தொலைபேசி ஒலிப்பதிவுகளை இணைத்துள்ளோம்.’அந்தப் பேச்சுகளை எழுதி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் வைத்திருந்தார்கள்.

பதிவுகளைப் பம்பு நிலையத்தில் வைத்துக் கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம். வெளியே மூடுபனியில் அணைகூடத் தெரியவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஹென்ரிக் வேனில் தூங்கிக்கொண்டிருந்தான். காதில் மாட்டியதும் அண்ணியின் குரல்.

“சொல்லுங்க தம்பி.”

என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் வாயைத் திறந்துவிட்டேன்.

“அக்கா, பாலாஜி பேசறேன். சாப்டீங்களா?”

“ஆச்சு தம்பி. நீங்க?”

“ஆச்சுக்கா. இன்னைக்கு நம்ம கணக்குல ஒரு சின்ன டிரேடு பண்ணியிருக்கோம்க்கா. பேங்க் இண்டெக்ஸ்ல.”

“சரிங்க.”

“கொஞ்சம் மைனஸ்ல முடிஞ்சிருக்கு. நாளைக்கு எடுத்துடலாம்.”

“சரிங்க, சரிங்க.”

“முட்டி வலி எப்படியிருக்கு?”

அதற்கு அண்ணி நீளமாகப் பதில் சொல்கிறார். தைலம் தேய்த்தது, மாடிப்படி ஏறாமல் இருப்பது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம், ஆனால் கடைமடைக்கு இன்னும் எட்டவில்லையாம். நாற்று நன்றாக வந்திருக்கிறதாம். அடுத்த பதிவில் ஆள் கிடைக்காத கவலை. அதற்கடுத்ததில் மழை. ஒரு வருஷத்துச் சாகுபடி முழுவதும் அந்தப் பதிவுகளில் இருந்தது, விதை விட்டதிலிருந்து களம் வரைக்கும். நடுநடுவே அவர் புரியாமல் கேட்டுக்கொண்ட வியாபாரச் சேதிகளும், ஒவ்வொன்றுக்கும் அந்தச் ‘சரிங்க’வும். கண்ணை மூடிக்கொண்டேன். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்தபடி, அடுப்படியில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல இருந்தது. எதிர்த்தரப்பு ஆவணம் என்பதே மறந்துவிட்டது. ஹென்ரிக் வந்து தோளைத் தொட்டபோது சாப்பாடு ஆறிப் போயிருந்தது.

மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். எல்லாச் ‘சரிங்க’வையும் ‘ஒப்புக்கொள்கிறேன்’என்று எழுதியிருந்தார்கள்.

வீட்டில் என் மகள் யாழினி இரண்டு பதிவுகளைக் கேட்டாள். இங்கேயே பிறந்தவள், கல்லூரி முதல் வருஷம். தமிழ் பேசுவாள், ஆனால் யோசிப்பது டேனிஷில். காதிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, பெரியம்மா ஓகேன்னு சொல்லிட்டாங்களே. ஒவ்வொரு தடவையும் சொல்றாங்க.”

“அது ஓகே இல்லம்மா.”

“சரின்னா ஓகேதானே?”

இவளுக்கு இந்தச் சொல்லை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பல் தேய்க்கச் சொன்னால் சரி, சாப்பிடச் சொன்னால் சரி. பெரியவர்கள் பேசிக்கொண்டே போகும்போது, கேட்கிறேன் என்பதற்காக ‘சரிங்க’போட்டுக்கொண்டே இருப்பதை இவள் எங்கே கேட்டிருக்க முடியும்? மணிக்கணக்காக யாராவது வந்து உட்கார்ந்து பேசும் வீட்டில் இவள் வளரவில்லை. அன்று முழுவதும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வழக்கு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

5

சமரசப் பேச்சில் நிறுவனம் ஒரு சின்னத் தொகையை ‘நல்லெண்ண அடிப்படையில்’தருவதாகச் சொன்னது. எனக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. இந்தப் பதிவுகளை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்ற பயம். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை.

“நல்லெண்ணம்னு எழுதிக் குடுக்கறாங்களே தம்பி. அப்ப தப்பு நம்ம மேலன்னு ஆயிடும்ல. வேணாம். விசாரிக்கட்டும்.”

விசாரணை மார்கழியில் நடந்தது. அங்கே முற்பகல், இங்கே இன்னும் விடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கின் கீழே பனி விழுந்துகொண்டிருந்தது. திரையில் நாலு சதுரங்கள். நடுவராக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அறுபது எழுபது வயதுப் பெண்மணி. நிறுவனத்தின் சார்பில் சென்னையிலிருந்து ஓர் இளம் வக்கீல். அண்ணியின் பிரதிநிதியாக நான். நாலாவது சதுரத்தில் அண்ணி, திருவிழாவுக்குக் கட்டும் பச்சைப் புடவையில், கைபேசியைக் கொஞ்சம் தாழ்வாக வைத்ததால் பாதி முகமும் மீதி உத்தரமுமாகத் தெரிந்தார்.

வக்கீல் பதிவுகளைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொரு அழைப்பிலும் வாடிக்கையாளர் உறுதி செய்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் வாதிட்டார். நடுவர் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

“கோமதி அம்மா, இதெல்லாம் உங்க குரல்தானா?”

“என் குரல்தாங்க.”

“சரின்னு சொன்னது நீங்கதானா?”

“நான்தாங்க சொன்னேன்.”

குறுக்கே பேசலாமா என்று பார்த்தேன். நடுவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“எதுக்குச் சரின்னு சொன்னீங்க?”

அண்ணி கொஞ்சம் யோசித்தார். “அந்தத் தம்பி சொல்லிக்கிட்டே இருந்துச்சு. காதுல விழுதுன்னு சொன்னேங்க. நம்ம பக்கத்துல அப்படித்தான் பேசுவோம். சும்மா இருந்தா மரியாதை இல்லையே.”

நடுவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார்.

“அவர் எப்ப போன் பண்ணுவார்?”

“நாலு மணி வாக்குல. டீ போடற நேரம்.”

நடுவர் வக்கீலிடம் திரும்பினார். சந்தை மூன்றரைக்கே மூடிவிடுகிறது. வியாபாரத்துக்கு முன்னால், எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலை என்று சொல்லி வாடிக்கையாளரிடம் உத்தரவு வாங்கிய ஒரு பதிவு இருந்தால் காட்டுங்கள் என்றார். வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். அவகாசம் கேட்டார். முடிந்த பிறகு தகவல் சொல்வது உத்தரவு வாங்கியதாகாது, அதை நிரூபிக்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையது அல்ல, உங்களுடையது என்று நடுவர் நிதானமாகச் சொன்னார். அந்த ஒரு விதியைத்தான் நான் அத்தனை நாளும் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருந்தேன். அதை ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டபோது உடம்பு லேசானது.

அதோடு முடிந்திருக்கலாம். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நடுவர் கேட்க, அண்ணி சொன்னார். “இன்னொண்ணும் இருக்குங்க. போன சம்பா அறுத்த பணத்தை அந்தத் தம்பி கையில குடுத்தேன். மாசாமாசம் நிச்சயமா இவ்வளவு தர்றேன்னு சொல்லிச்சு. ரெண்டு மாசம் குடுத்துச்சு. அப்புறம் இல்ல.”

இது எனக்கே தெரியாது. நிறுவனத்தின் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அது கம்பெனிக் கணக்குக்குப் போகலையே அம்மா. ரசீதும் இருக்காது. அதை நான் இதுல சேர்க்க முடியாது. அதுக்கு நீங்க போலீஸுக்குத்தான் போகணும்.”

“சேக்கணும்னு சொல்லலைங்க. நடந்ததைக் கேட்டீங்க, சொன்னேன்.”

இணைப்பு முடிந்து திரை இருண்டது. வெளியே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

6

தீர்ப்பு மாசியில் வந்தது. முன்சம்மதம் இல்லாமல் நடந்த வியாபாரங்களால் போன பங்குகளின் மதிப்பை நிறுவனம் திருப்பித் தர வேண்டும். ஆனால் தினமும் குறுஞ்செய்தி வந்தும் வாடிக்கையாளர் கேட்காமல் இருந்ததால் அதில் ஒரு பகுதியைக் கழித்திருந்தார்கள். அந்தக் கழித்தல் எனக்குக் கோபத்தைத் தந்தது. அண்ணிக்கு இல்லை. “பாக்காம இருந்தது நெசந்தானே,”என்றார். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. பணம் வந்தது. மோட்டார் வாங்கினார். அண்ணன் வைத்திருந்த அதே கம்பெனிகளில் இரண்டின் பங்குகளைக் கொஞ்சம் திரும்ப வாங்கினார், இந்த முறை பேங்க் வழியாக, தானே போய்.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே. நாம் உத்தரவு கொடுத்ததைத் தரகர்தான் நிரூபிக்க வேண்டும். தரகு நிறுவனம் திவாலாகி ஓடிப்போனால்கூட முதலீட்டாளருக்கு ஓரளவு ஈடு தர நிதி ஒன்று இருக்கிறது. ஆனால் நம் பணம் சட்டத்தின் வேலிக்குள்ளே இருக்கும் வரைதான். நிச்சய லாபம் என்று நம்பிக் கையில் கொடுத்த பணம் வேலிக்கு வெளியே போய்விடுகிறது. அங்கே அதைத் தேடிப் போக யாரும் இல்லை, போலீஸைத் தவிர.

பங்குனியில் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணி தஞ்சாவூருக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார். இதற்கிடையில் பாலாஜி ஒருநாள் கூப்பிட்டிருக்கிறார். நிறுவனம் அவரை நீக்கிவிட்டது.

“என்ன சொன்னார் அண்ணி?”

“அழுதுச்சு தம்பி. கையில வாங்கினதை எப்படியாவது குடுத்துடறேங்க்கா, போலீஸ் வேணாம், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குன்னுச்சு.”

“நீங்க?”

“நீங்க சொல்றது காதுல விழுது தம்பி, ஆனா சரின்னு சொல்ல மாட்டேன்னுட்டேன்.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது அடுப்பைப் பற்ற வைக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“தெனமும் முட்டி வலி எப்படியிருக்குன்னு விசாரிக்கும் தம்பி. அதுவும் நெசந்தான்,”என்றார்.

7

தஞ்சாவூரில் பொருளாதாரக் குற்றப் பிரிவில் எங்களைக் காக்க வைக்கவில்லை. பெண் காவலர் ஒருவர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, “பணம் திரும்பக் கிடைக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. ரசீது இல்ல, சாட்சி இல்ல,”என்றார்.

“தெரியும்ங்க. வாங்கினேன்னு அந்தத் தம்பி ஒரு எடத்துல சொல்லணும். அதுக்குத்தான்.”

மனு ரசீதை வாங்கி அண்ணி மடித்துப் பைக்குள் வைத்தார். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருவரும் தோசை சாப்பிட்டோம். அண்ணி இரண்டாவதாக ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. “குத்தாலம் வந்தா எழுப்புங்க,”என்று சொல்லிவிட்டு அண்ணி பாபநாசம் வருவதற்குள் தூங்கிப் போனார். தலை கம்பியில் இடிக்காமல் இருக்க என் துண்டை மடித்து வைத்தேன். சம்பா அறுத்த தாள்களுக்கு நடுவே உளுந்தும் பயறும் முளைத்துப் பச்சையாகப் பரந்து கிடந்தன. வாய்க்கால்கள் காய்ந்திருந்தன. வெயில் சாய்ந்து வயல்களின் மேல் மஞ்சளாகப் படுத்திருந்தது. பஸ் ஆடிய ஆட்டத்தில் எனக்கும் கண் செருகியது. எந்த நாட்டில் இருக்கிறேன் என்பது இடையிடையே நழுவி, திரும்ப வந்தது.

ஆடுதுறை போனது. குத்தாலம் வந்து, இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். அண்ணியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் ஒரு சுருக்கமும் இல்லை. கை பையை விட்டு நழுவி மடியில் கிடந்தது. எத்தனை மாதத் தூக்கமோ தெரியவில்லை.

கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். “குத்தாலம் வாங்கினவங்க நீங்கதானே? எறங்கலையா?”

“மயிலாடுதுறைக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க,”என்றேன், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

அவர் அண்ணியை ஒருமுறை பார்த்தார். எதுவும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, விசில் ஊதாமல், பஸ்ஸின் பக்கவாட்டில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பியது.